சோறு வேக ஏன் நேரமாகுது? செல்போனுக்குள் ஒரு சோதனைச்சாலை

(அருவங்காட்டில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கல்வி உபகுழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்வி உபகுழுவில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். மூன்று பேரும் உட்கார்ந்து எழுதியதை ஒருத்தர் வாசிக்கிறோம். அதனால் "நாங்கள்" என்றே பேசுகிறோம். தப்பு இருந்தால் மூன்று பேரையும் திட்டுங்கள்.

போன மாதக் கூட்டத்தில் தலைவி அக்கா ஒரு வேலை கொடுத்தார். "பிள்ளைங்க செல்போன்ல அறிவியல் பாடம், கணக்குப் பாடம் எல்லாம் செஞ்சு பார்க்குதாம். அது நிஜமா, இல்ல நம்மள ஏமாத்துதுங்களா, விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்றார். விசாரித்துவிட்டு வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். 2021-ஆம் வருடம், கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்த காலம். எங்கள் மூவரில் ஒருவரின் மகள் பத்தாம் வகுப்பு. வீட்டில் ஒரே ஒரு போன். கொழுந்து பறித்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தால், பிள்ளை போனில் பேட்டரியையும் பல்பையும் ஒயரையும் விரலால் இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டு இருக்கிறாள். பேட்டரி தீப்பிடித்து எரிகிற மாதிரி படம் வேறு. "படிக்கச் சொன்னா கேம் ஆடிட்டு இருக்கியா?" என்று போனைப் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. அண்ணன் கேட்டால் மட்டும் போன் வெளியே வரும். அவன் ஆடியது நிஜமாகவே கேம். அதை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்கவே இல்லை. "எனக்குப் புரியாதும்மா" என்றாள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். நல்ல பிள்ளை, மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். போனைப் பிடுங்கியதால்தான் இப்படி ஆச்சு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் செய்துகொண்டிருந்தது கேம் இல்லை, பத்தாம் வகுப்பு மின்சாரப் பாடம் என்று இந்த மாதம் விசாரித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு அந்த அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால்தான் இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறோம். டீ ஆறினால் ஆறட்டும்.

அது என்ன?

பிள்ளைகள் அதை "சிமுலேஷன்" என்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால், நாம் சின்ன வயதில் சொப்புச் சாமான் வைத்துச் சமைத்து விளையாடினோமே, அந்த மாதிரி. ஒரு வித்தியாசம் உண்டு. சொப்பில் மண்ணைப் போட்டாலும் சோறு என்போம். இதில் அப்படி ஏமாற்ற முடியாது. நிஜத்தில் எந்தக் கணக்குப்படி நடக்குமோ, அதே கணக்கை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒயரைத் தப்பாக மாட்டினால் பல்பு எரியாது. இன்னொரு பேட்டரி சேர்த்தால் வெளிச்சம் கூடும். பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் சேர்த்தால் தீப்பிடிக்கும். அந்தப் பிள்ளை போனில் நாங்கள் பார்த்த தீ அதுதான். அப்படி நேராகச் சேர்க்கக்கூடாது என்று அந்தத் தீ பாடம் சொல்லியிருக்கிறது. எங்களுக்குத்தான் அது விளங்கவில்லை.

வீடியோ வேறு, இது வேறு. வீடியோவில் வாத்தியார் செய்வதைப் பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கும். இதில் பிள்ளையே செய்யும். இப்படிச் செய்தால் என்ன ஆகும், அப்படி மாற்றினால் என்ன ஆகும் என்று நூறு தடவை மாற்றிப் பார்க்கலாம். எதுவும் உடையாது, யாரும் திட்ட மாட்டார்கள்.

யார் செய்தது?

இதில் பேர்போனது ஃபெட் என்பது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 2001-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். அடுத்த வருடமே, 2002-இல், இந்த வேலையைத் தொடங்கினார். பரிசுப் பணத்தில் ஒரு பகுதியையும் இதில் போட்டார். இன்றைக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு எல்லாம் சேர்த்து நூற்றைம்பதுக்கு மேல் சிமுலேஷன்கள் அதில் இருக்கின்றன. காசு கிடையாது. பல பாஷைகளில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். சிலது தமிழிலும் இருக்கிறது. தமிழ் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

கணக்குக்கு ஜியோஜீப்ரா. இதை ஆஸ்திரியா நாட்டில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் மாணவராக இருந்தபோது தன் படிப்புக்கான வேலையாக ஆரம்பித்தார். கோடு, வட்டம், முக்கோணம் எல்லாவற்றையும் விரலால் இழுத்தால், பக்கத்தில் இருக்கும் எண்ணும் கூடவே மாறும்.

நம் நாட்டிலும் இருக்கிறது. நமக்குக் கீழே கோயம்புத்தூர் எட்டிமடையில் இருக்கும் அமிர்தா பல்கலைக்கழகமும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து ஓலேப்ஸ் என்று செய்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்கும் பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்யவேண்டிய சோதனைகளை இதில் செய்து பார்க்கலாம்.

இதையெல்லாம் தேடி அலையவேண்டியதில்லை என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியமான செய்தி. நம்ம பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது! 2018-இல் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் வந்தது. அடுத்த வருடம் மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. அந்தப் புத்தகங்களில் பல பாடங்களின் கடைசியில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். படி 1, படி 2 என்று வரிசையாகப் படத்தோடு சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் கறுப்புப் புள்ளிக் கட்டம் ஒன்று இருக்கும், கடையில் பணம் கட்ட ஸ்கேன் பண்ணுவோமே அதே மாதிரி. அதை போனில் காட்டினால் நேராக அந்த சிமுலேஷனுக்கோ கணக்குப் படத்துக்கோ போய்விடும்.

அந்தக் கட்டத்தில் "உரலி" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எங்களில் ஒருத்தர், "இது என்னடி, ஆட்டுரலையா சொல்லுறாங்க?" என்று கேட்டுவிட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இணைய முகவரிக்குத்தான் அந்தப் பெயராம்.

வருடக்கணக்காக அந்தக் கட்டம் புத்தகத்தில் இருக்கிறது. நாம் அட்டை போட்டுக் கொடுத்த புத்தகம்தான். ஒரு நாளாவது புரட்டிப் பார்த்தோமா?

94-ஆ, 100-ஆ?

இனி சோற்று விஷயத்துக்கு வருகிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, நம்ம குழுவில் இருக்கும் ஒரு அக்காவின் மகள், எங்களிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மேட்டுப்பாளையத்துல பாட்டி வீட்டுல சோறு சீக்கிரம் வேகுது. இங்க ஏன் நேரமாகுது?" என்று.

நமக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சமவெளியிலிருந்து கல்யாணமாகி மேலே வந்த முதல் மாதம் எத்தனை பேர் மாமியாரிடம் "சோறு கல்லாட்டம் இருக்கு" என்று பேச்சு வாங்கியிருப்போம்! குளிர்தான் காரணம் என்று நாங்கள் நினைத்தோம். குளிரும் கொஞ்சம் காரணம்தான், பாத்திரம் சூடேற நேரமாகும். ஆனால் கொதி வந்த பிறகும் ஏன் வேக மாட்டேன் என்கிறது?

அந்தப் பிள்ளை போனைத் திறந்து ஒரு பெட்டியைக் காட்டினாள். பெட்டிக்குள் தண்ணீர். தண்ணீர் என்றால் நாம் பார்க்கிற தண்ணீர் இல்லை, தண்ணீரின் துணுக்குகள், பொடிப் பொடியாக. கீழே அடுப்பு மாதிரி ஒன்று. அதை ஏற்றினால் துணுக்குகள் துடிக்கும், குதிக்கும், ஒன்றை ஒன்று விட்டுப் பறக்கும். அதுதான் ஆவி. மேலே மூடியை ஒரு விரல் அழுத்துகிற மாதிரி படம். விரலைக் கீழே இறக்கினால் துணுக்குகளுக்கு இடம் குறையும், அழுத்தம் காட்டும் முள் ஏறும். அளவுக்கு மீறினால் மூடியே பறந்துபோகும்! நாங்கள் மூன்று பேரும் "ஐயோ" என்று கத்திவிட்டோம், குக்கர் வெடித்த மாதிரி.

பிறகு அவள் சொன்னாள். "தண்ணி மேல காத்து அழுத்திட்டே இருக்கும் பெரியம்மா. அந்த அழுத்தத்தை மீறினாத்தான் ஆவி கிளம்ப முடியும், கொதிக்க முடியும். கீழ சமவெளியில காத்து நிறைய, அழுத்தம் ஜாஸ்தி. தண்ணி 100 டிகிரிக்குப் போனாத்தான் கொதிக்கும். நாம ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்துல இருக்கோம். இங்க காத்தோட அழுத்தம் கம்மி. 94 டிகிரியிலேயே கொதிச்சுடும். அதுக்கு மேல எவ்வளவு விறகு வெச்சாலும் ஆவிதான் போகுமே தவிர, திறந்த பாத்திரத்துல சூடு ஏறாது. சூடு கம்மியா இருக்கிறதால அரிசி வேக நேரமாகுது. குக்கர்ல மூடி போட்டு அழுத்துறோம்ல, அதான் சீக்கிரம் வேகுது."

இருபது வருடமாகக் குக்கர் வைக்கிறோம். ஏன் விசில் வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. விறகு விஷயமும் புரிந்தது. கொதி வந்த பிறகு தீயைக் கூட்டி எரித்தால் விறகுதான் வீண், சோறு முன்னாடி வேகாது. கேஸ் விற்கிற விலைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

நாங்கள் அதோடு விடவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சரிடம் கேட்டு ஒரு வெப்பமானி வாங்கி வந்து, பிள்ளையோடு சேர்ந்து ஒரு சட்டி தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தோம். நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது 94-ஐ ஒட்டித்தான் நின்றது. புத்தகத்தில் 100 என்று இருக்கிறது. அது தப்பில்லை, கடல் மட்டத்துக்கான கணக்கு.

வெப்பமானி என்ன காட்டும் என்பதை சிமுலேஷன் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் ஏன் அப்படிக் காட்டுகிறது என்பதை அதில்தான் பார்க்க முடிந்தது. தண்ணீரின் துணுக்கு குதிப்பதை எந்த அடுப்பிலும் கண்ணால் பார்க்க முடியாது அல்லவா?

ரயிலும் கடனும்

கணக்குப் பாடத்தில் "சாய்வு" என்று ஒன்று வருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பயப்படுகிற பாடம். எவ்வளவு தூரம் போனால் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதுதான் சாய்வு, வேறு ஒன்றும் இல்லை. நம்ம மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் 1899-இல் ஓட ஆரம்பித்தது, ஊட்டி வரைக்கும் 1908-இல் வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டரை அடி போனால் ஒரு அடி ஏற்றம். கணக்கில் எழுதினால் 0.08. பேனாவில் எழுதினால் இது ஒன்றுமில்லாத எண் மாதிரி இருக்கிறது. ஜியோஜீப்ராவில் கோட்டை விரலால் இழுத்து அந்த 0.08-க்குக் கொண்டுவந்து வைத்தால், பார்க்க அவ்வளவு செங்குத்தாகவும் தெரியாது. "இதுக்கா பல் சக்கரம் வெச்சாங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அந்த ஏற்றத்துக்கே வழுக்கிவிடும் என்பது அடுத்த பாடம். நம்ம அருவங்காடு ஸ்டேஷனில் பல் தண்டவாளம் ஏன் இல்லை என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். குன்னூருக்கு மேலே அவ்வளவு ஏற்றம் இல்லை, அதனால் சாதாரணத் தண்டவாளமே போதும். தினமும் பார்க்கிற ரயில்தான், நாங்கள் இதுவரை கவனித்ததே இல்லை.

இப்போது சொல்லப்போவது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, நமக்கு. கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்.

எங்கள் குழுவில் சிலர் குழுக் கடன் போதாமல் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினோம். "நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதான்க்கா, உங்க குழுவிலயும் அதேதானே" என்றார்கள். அதேதானே என்று கையெழுத்துப் போட்டோம். கட்டி முடிக்கும்போது ஏதோ உதைத்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

அதே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேர், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, ஜியோஜீப்ராவில் எங்கள் கடனை வரைந்து காட்டினார்கள். பத்தாயிரம் ரூபாய், பன்னிரண்டு மாதம், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். பன்னிரண்டு கம்பங்கள். குழுக் கடனில் மாதாமாதம் அசல் குறையும், அதனால் கம்பம் ஒவ்வொன்றாகக் குட்டையாகும், படிக்கட்டு இறங்குகிற மாதிரி. மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. மொத்த வட்டி 650 ரூபாய். அந்தக் கம்பெனிக் கடனில் பன்னிரண்டு கம்பமும் ஒரே உயரம், மதில் சுவர் மாதிரி. நாம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய பத்தாயிரத்துக்குத்தான் கடைசி மாதம் வரை வட்டி. மொத்தம் 1,200 ரூபாய். குறையும் அசல் கணக்குக்கு மாற்றினால் அது வருடத்துக்கு ஏறக்குறைய இருபத்தொன்றரை சதவீதம். நம்ம குழு வட்டி 12 சதவீதம்.

பேரேடு எழுதுகிறவர்களுக்கு இது தெரியாததில்லை. ஆனால் படிக்கட்டையும் மதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் குழு ஆயா ஒருத்தர் முதலில் கண்டுபிடித்தார். "அடியே, படிக்கு மேல இருக்கிற காலி இடத்துக்கெல்லாம் நாம வட்டி கட்டியிருக்கோம்" என்றார். எந்த அதிகாரியும் எங்களுக்கு அப்படி விளக்கியதில்லை.

பிள்ளை மாதத்தை 12-லிருந்து 24-க்கு இழுத்தாள். குழு வட்டி 1,250. கம்பெனி வட்டி 2,400. "நிறைய மாசம் தர்றோம், கொஞ்சம் கொஞ்சமா கட்டுங்க" என்று சொல்வதன் அர்த்தம் அங்கே தெரிந்தது.

எல்லாம் நல்லதுதானா?

இல்லை. நாங்கள் கண்ட குறைகளையும் சொல்லிவிடுகிறோம், பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது.

சிமுலேஷனில் ஒயர் துருப்பிடிக்காது. செல் பாதி தீர்ந்துபோய் இருக்காது. அமிலம் கையைச் சுடாது. நிஜ ஆய்வகத்தில் இதெல்லாம் நடக்கும், அதைச் சமாளிப்பதும் படிப்புதான். எனவே "போன்ல பார்த்துக்கோங்க, லேப் எதுக்கு" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளக்கூடாது. இரண்டும் வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு வானவில் மன்றம் என்று தொடங்கி, 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் கையால் செய்து பார்க்கும் சோதனைகளைக் கொண்டுபோனது. அந்த மாதிரி வேலையும் வேண்டும்.

இதைப் பற்றி அந்த கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2005-இல் ஒரு ஆய்வு வந்தது. கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் நிஜ பல்பு, ஒயர் வைத்து மின்சாரப் பாடம் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் கணினியில் மட்டும் படித்தார்கள். கடைசியில் இரண்டு பேரிடமும் நிஜ ஒயரைக் கொடுத்து இணைக்கச் சொன்னார்கள். கணினியில் படித்தவர்கள்தான் நன்றாக இணைத்தார்கள், நன்றாக விளக்கமும் சொன்னார்கள். மின்சாரத்தின் ஓட்டம் அதில் நீலப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு காரணம். ஆனால் அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள், என்ன செய்து பார்க்கவேண்டும் என்று கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார்கள். போனை மட்டும் கையில் கொடுத்து, "போ, படி" என்றால் அந்தப் பலன் வராது. பாதிப் பிள்ளைகள் மூடியைப் பறக்கவிட்டுச் சிரித்துவிட்டு, ரீல்ஸ் பார்க்கப் போய்விடும். எங்கள் வீட்டிலும் போனது.

இன்னொரு தொல்லை. பழைய சிமுலேஷன்கள் பல ஃபிளாஷ் என்ற முறையில் இருந்தன. 2020 முடிவோடு ஃபிளாஷ் நின்றுபோனது. அதனால் பழைய சிடியில் இருந்தவை பல இப்போது திறக்காது. திறக்கவில்லை என்றால் பிள்ளையைத் திட்டாதீர்கள். புது முறைக்கு மாற்றிய ஃபெட் சிமுலேஷன்கள் போனிலேயே ஓடும்.

சிக்னல் விஷயத்துக்கும் வழி இருக்கிறது. நம்ம பக்கம் மழையும் பனிமூட்டமும் வந்தால் நெட் எங்கே இருக்கிறது? திட்டு மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்த பிள்ளைகளை நாம் கொரோனா காலத்தில் பார்த்தோம். புது முறை ஃபெட் சிமுலேஷனை ஒரே ஒரு ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு நெட்டே வேண்டாம். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பவும் செய்யலாம். பெரும்பாலும் சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட வராது.

அம்மாக்களுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம். நெட்டை நிறுத்திவிட்டு போனைக் கொடுக்கலாம். பாடம் ஓடும், ரீல்ஸ் ஓடாது. பயந்துகொண்டு பீரோவில் பூட்டவேண்டிய அவசியம் இல்லை.

நமக்கு என்ன வேலை?

"எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது, நான் என்ன சொல்லிக்கொடுக்க?" என்று கேட்பீர்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள். பிள்ளை எதையாவது மாற்றுவதற்கு முன்னால், "நில்லு, இப்ப என்ன ஆகும்னு நீ நினைக்கிற?" என்று கேளுங்கள். சொன்ன பிறகு மாற்றட்டும். சொன்னபடி நடந்ததா, இல்லையா, ஏன் என்று எங்கள் வீட்டில் பத்து நிமிடம் இப்படிக் கேட்டுப் பார்த்தோம். பிள்ளை மெதுவாகத் தொட ஆரம்பித்தது. முன்னாடி வேகவேகமாக எல்லாப் பொத்தானையும் அமுக்கிக்கொண்டு இருந்தது. வித்தியாசம் எங்களுக்கே தெரிந்தது.

பெண்பிள்ளைக்கும் போனில் நேரம் ஒதுக்குங்கள். பையனுக்கு ஒரு மணி நேரம் என்றால் பெண்ணுக்கும் ஒரு மணி நேரம். பாத்திரம் கழுவி முடித்துவிட்டுப் பார் என்றால் ராத்திரி பத்து மணி ஆகிவிடும்.

பள்ளிக்கூடத்திலும் கேட்கவேண்டியது இருக்கிறது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்று கணினி அறை வைத்திருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. நம்மில் பலர் அதில் உறுப்பினர். கூட்டத்துக்குப் போய் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், "எட்டாம் வகுப்புக்கு, ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் எத்தனை பீரியடு அந்த அறையில் நடக்குது? தேர்வு எழுதறதுக்கு மட்டும்தானா, இணையச் செயல்பாடு செய்யறதுக்கும் திறக்குறாங்களா?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். டீச்சர்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கிறது. ஆனால் கேட்கவேண்டும்.

கடைசியாகப் பண விஷயம். இது போன கூட்டத்தில் சண்டையில் முடிந்தது, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பொது நிதியிலிருந்து ஒரு டேப் வாங்கி, பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் பொதுவாகத் திறக்கலாம் என்று நாங்கள் சொன்னோம். "என் வீட்டுல படிக்கிற பிள்ளையே இல்ல, என் சேமிப்புப் பணத்தை எதுக்கு எடுக்குறீங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். கேட்டது நியாயம்தான். நாங்கள் அன்றைக்குக் கோபப்பட்டது தப்பு. அவருடைய பணம் அது.

அதனால் மாற்றி யோசித்திருக்கிறோம். பொது நிதியைத் தொட வேண்டாம். 2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது அல்லவா? அப்படி வந்த லேப்டாப்புகள் நம்ம வீடுகளில் பரண் மேல், துணி சுற்றி, படித்து முடித்த பிள்ளைகளின் ஞாபகார்த்தமாகக் கிடக்கின்றன. விசாரித்ததில் ஐந்து வீட்டில் இருக்கிறது. இரண்டு ஓடுகிறது. ஒன்றுக்குப் பேட்டரி மாற்றினால் ஓடும் என்கிறார்கள். கொடுக்க மனமுள்ளவர்கள் கூட்டமைப்புக்கு இரவலாகக் கொடுங்கள், பேரேட்டில் உங்கள் பெயரில் எழுதி, கேட்டபோது திருப்பித் தருவோம். பேட்டரிச் செலவை பிள்ளைகள் உள்ள வீடுகள் மட்டும் பிரித்துக்கொள்வோம். இதற்கு ஒப்புதல் கேட்டு இன்றைக்குத் தீர்மானம் வைக்கிறோம். அந்த அக்கா இப்போது எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார், அதனால் தைரியமாக வைக்கிறோம்.

தீர்மானம் நிறைவேறினால், அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு கூட்டமைப்புக் கட்டடத்தில் முதல் நாள். ஆறு முதல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்களும் வரவேண்டும். பாடப்புத்தகம் கட்டாயம். போனில் முழு சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். ஒரு டார்ச் செல், ஒரு சின்ன டார்ச் பல்பு, ஒரு முழம் ஒயர் கொண்டுவந்தால் போனில் செய்ததை அங்கேயே கையாலும் செய்து பார்க்கலாம். சுவர் பிளக்கில் யாரும் எதையும் சொருகக்கூடாது, அதற்கு ஒரு ஆளைக் காவல் வைக்கப்போகிறோம். அன்றைக்குப் பெரிய மழையாக இருந்தால் அதற்கடுத்த ஞாயிறு.